எட்டடிப் பச்சை

மே மாதத்தில் விதைத்த குதிரைமசால் தீவனம் ஜூலைக் கடைசியில் மஞ்சளாகி நின்றது. லிண்டே பண்ணையின் கிழக்கு நிலம் முழுவதும் அதே வெளிறல். எல்லையை ஒட்டி மட்டும் ஒரு பட்டை கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு, யாரோ தனியாக உட்கார்ந்து வளர்த்ததைப் போல வளர்ந்திருந்தது.

சிட்செல் தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும் தொழுவத்தின் பின்வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் போய் ஒன்பது வருடங்கள் ஆகின்றன. பண்ணை அவளுடைய தந்தை வழியில் வந்தது. மோன் தீவின் அந்த வட்டாரத்தில் லிண்டே வீட்டார் தேவாலயத்தில் இரண்டாம் வரிசையில் உட்காருவார்கள். யாரிடமும் எதையும் கேட்டுப் போக மாட்டார்கள். இந்த இரண்டையும் அவள் பிறந்ததிலிருந்து காப்பாற்றி வந்திருக்கிறாள்.

பால் வண்டிக்காரன் ஓலே கேன்களை ஏற்றிவிட்டு, போகிற போக்கில் கிழக்கே கையைக் காட்டினான்.

"ஏம்மா, அந்த நெலத்துக்கு மஞ்சக்காமாலையா? டாக்டருக்குச் சொல்லி அனுப்பவா?"

"நீ பாலப் பாரு. நெலத்த நான் பாத்துக்கறேன்."

"பாலத்தான் பாக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி இந்த வீட்ல ஒம்பது கேன் ஏத்துனேன். இப்ப ஆறு. அடுத்த வீட்டு எஸ்கில் பதினொண்ணு குடுக்கறாரு. லிண்டே வீட்டு மாட்டுக்கெல்லாம் பச்சைக் கண்ணாடி மாட்டிவிட்டா மஞ்சப் புல்லும் பச்சையாத் தெரியும்னு டெய்ரில ஒருத்தன் சொன்னான். நான் சொல்லலை, அவன் சொன்னான்."

"அவன்கிட்ட சொல்லு, முதல் கண்ணாடிய அவனுக்குத்தான் மாட்டுவேன்னு."

ஓலே சிரித்துக்கொண்டே குதிரையைத் தட்டினான். சிட்செல் சிரிக்கவில்லை. கேன் எண்ணிக்கை உண்மை. அவளுடைய நிலத்தில் மூன்று ஆண்டுகளாக க்ளோவர் தீவனம் பிடிக்கவில்லை. முளைக்கும், பிறகு திட்டுத்திட்டாகச் செத்துப்போகும். அதனால்தான் இந்த வசந்தத்தில், மகள் இங்கரின் நச்சரிப்பு தாங்காமல், தந்தை போட்ட ஒரு தடையை மீறி அவள் குதிரைமசால் விதைத்தாள். மத்தியாஸ் லிண்டே உயிரோடு இருந்தவரை அந்தப் புல்லின் பெயரைச் சாப்பாட்டு மேசையில் சொல்லக்கூடாது. அது மோசே வீட்டுப் புல். எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மோசே பண்ணையின் பெரியவர் யோர்கன், இளமையில் தெற்கே ஜெர்மன் பண்ணை ஒன்றில் வேலை பார்த்துத் திரும்பும்போது கொண்டுவந்த விதை அது. அவருடைய மகன்தான் எஸ்கில்.

*

அன்று மத்தியானம் விவசாயச் சங்கத்தின் ஆலோசகர் டால் சைக்கிளில் வந்தார். மெலிந்த மனிதர். கால்சட்டையின் முனைகளைக் கயிற்றால் கட்டியிருப்பார். எந்தச் செடியைப் பார்த்தாலும் பிடுங்கிவிடுவார். வசந்தத்தில் வந்தபோது அவர் ஒரே ஒரு யோசனைதான் சொல்லியிருந்தார்: விதைக்கும் முன்பு, குதிரைமசால் பல வருடம் வளர்ந்த பழைய நிலத்திலிருந்து ஒரு வண்டி மண் வாங்கி இந்த நிலத்தில் தூவுங்கள். அந்த ஊரில் அப்படிப்பட்ட பழைய நிலம் ஒன்றுதான் இருந்தது. அது மோசே பண்ணையில் இருந்தது. 'லிண்டே வீட்டு மண்ணுக்கு மோசே வீட்டு மண்ணால ஆகவேண்டியது ஒண்ணுமில்ல' என்று சிட்செல் அப்போது சொல்லிவிட்டாள்.

டால் அதை ஞாபகப்படுத்தவில்லை. நேராக நிலத்துக்குள் இறங்கினார். மஞ்சளில் ஒரு செடியையும் பச்சையில் ஒரு செடியையும் மண்கட்டியோடு மண்வெட்டியால் பெயர்த்தார்.

"ஒரு தொட்டி தண்ணி வேணுமே அம்மா. வேர இழுத்தா அறுந்துடும், கழுவித்தான் பாக்கணும்."

இங்கர் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மண் கரைந்து கலங்கி இறங்கியது. டால் முதலில் மஞ்சள் செடியை எடுத்து சிட்செலின் கையில் கொடுத்தார். வெள்ளை வேர், நூல் நூலாக, சுத்தமாக இருந்தது.

"இதுல என்ன பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லையே," என்றாள் சிட்செல்.

"அதேதான். ஒண்ணுமில்ல. இப்ப இத."

பச்சைச் செடியின் வேரில் அரிசி முனையளவு முடிச்சுகள் ஒட்டியிருந்தன. சில தனியாக, சில விரல்களைப் போல நாலைந்து சேர்ந்து. சிட்செல் ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"ரத்தமா?" என்று அவளையறியாமல் கேட்டுவிட்டாள்.

"ரத்தம் மாதிரிதான் இருக்கும். உயிரோட இருக்குன்னு அர்த்தம். இந்த ஒரு முடிச்சுக்குள்ள மோன் தீவோட ஜனத்தொகைய விட அதிகமா நுண்ணுயிர் இருக்கு. காத்துல இருக்கற நைட்ரஜன இழுத்துச் செடிக்குச் சாப்பாடாக்கிக் குடுக்கும். செடி பதிலுக்கு சர்க்கரை குடுக்கும். ரெண்டு பேருக்கும் லாபம். உங்களுக்கு உர மூட்டை மிச்சம்."

"எங்க நெலத்துல நாப்பது வருஷம் க்ளோவர் வெளஞ்சுருக்கு. க்ளோவர் வேர்ல இது இல்லையா?"

"இருக்கு. ஆனா க்ளோவர் வீட்டு விருந்தாளி குதிரைமசால் வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி ஆள். லிண்டே வீட்டுக்காரங்க மோசே வீட்ல காபி குடிக்கறதில்லைங்கற மாதிரி," என்று சொல்லிவிட்டு, சொன்னது யாரிடம் என்று உறைத்ததும் டால் தொட்டிக்குள் குனிந்துகொண்டார்.

இங்கர் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி," என்றாள் சிட்செல். "அப்ப இந்தப் பட்டைக்கு மட்டும் எப்படி வந்தது?"

"அங்கேருந்துதான்." டால் எல்லைக்கு அப்பால் எஸ்கிலின் செழித்த நிலத்தைக் காட்டினார். "காத்துல மண் பறந்திருக்கும். முயல் கால்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். பரம்புப் பலகை இழுத்துட்டு வந்திருக்கும். எப்படியோ வந்துடுச்சு. ஒண்ணு சொல்லவா? இனிமே நீங்க யார்கிட்டயும் கேக்க வேண்டாம். இந்தப் பட்டையில இருந்தே ரெண்டு வண்டி மண் எடுத்து மத்த எடத்துல தூவுங்க. அடுத்த வருஷம் மொத்தமும் பச்சை. ஆனா வியாழக்கிழமை வரைக்கும் கை வைக்காதீங்க. வியாழக்கிழமை சங்கத்து ஆட்களோட நில உலா இருக்கில்ல? இங்கதான் கூட்டிட்டு வரப்போறேன். இவ்வளவு தெளிவா ஒரு நிலம் தானே பேசி நான் பார்த்ததே இல்லை!"

*

டால் போன பிறகு சிட்செல் தொட்டியைக் கவிழ்க்கவில்லை. அந்த முடிச்சு அவளை விடவில்லை. ஐம்பது வருடம் மண்ணைக் கிளறியிருக்கிறாள். எத்தனை வேர்களைப் பிடுங்கி எறிந்திருப்பாள்! ஒருநாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. மேலே இருக்கும் இலையைப் பார்த்து மாட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்வதோடு சரி. அவள் காலடியில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

அதோடு டாலின் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. காற்று என்றார். மோன் தீவில் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும். மோசே நிலம் கிழக்கே இருக்கிறது. மண் பறந்தால் இங்கிருந்து அங்கேதான் போகவேண்டும்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வந்ததும், தேவாலய உடுப்பைக்கூட மாற்றாமல் ஒரு வெள்ளைத் துணி, குச்சிகள், நூல்கண்டு, மண்வெட்டியோடு அவள் கிழக்கு நிலத்துக்குப் போனாள்.

அந்த எல்லையில் வேலி கிடையாது. தெற்கு முனையில் ஒரு கல், வடக்கு முனையில் ஒரு கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்க்கோட்டு வரப்பு. சிட்செல் தெற்குக் கல்லிலிருந்து தொடங்கினாள். அங்கே பச்சை எதுவும் இல்லை. எஸ்கிலின் செடிகள் கல்லை உரசிக்கொண்டு அடர்ந்திருந்தன. இவள் பக்கம் கல்லோடு மஞ்சள். முயல் இருந்தால் இங்கேயும்தானே தாண்டும்? முப்பது தப்படி வடக்கே நடந்து ஒரு செடியைப் பெயர்த்தாள். எல்லையிலிருந்து ஒரு சாண் தள்ளி முடிச்சு இருந்தது. இரண்டு சாண் தள்ளி இல்லை. அங்கே குச்சி நட்டாள். இன்னும் முப்பது தப்படி. இப்போது முடிச்சு ஒன்றரை அடி வரை வந்தது. குச்சி. அடுத்ததில் இரண்டரை.

நேரம் போனதே அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குள் ஒரு விளையாட்டுப் பிள்ளையின் ஆர்வம் புகுந்திருந்தது. இந்த முறை எத்தனை அடியில் நிற்கும் என்று முன்கூட்டியே மனதில் சொல்லிக்கொண்டு பெயர்த்தாள். பெரும்பாலும் சரியாக இருந்தது. ஓரம் கத்தியால் வெட்டியதைப் போல இல்லை. உழுது உழுது ஒரு தப்படி அளவுக்குக் கலங்கியிருந்தது. ஆனால் போக்கு தவறவில்லை. நாலடி. ஐந்து. ஆறரை. வடக்குக் கல்லை நெருங்கியபோது பச்சையின் ஓரம் எல்லையிலிருந்து எட்டடி தள்ளி நின்றது.

குச்சிகளை நூலால் இணைத்துவிட்டு நிமிர்ந்தாள். தெற்கே ஒன்றுமில்லாமல் தொடங்கி வடக்கே எட்டடியாக விரிந்த ஒரு நீண்ட ஆப்பு. காற்று ஆப்பு வடிவத்தில் அடிக்காது.

கையிலிருந்த நூல்கண்டு கீழே விழுந்தது.

*

எட்டடி. அந்த வார்த்தை அவளுக்கு மனப்பாடம். ஊருக்கே மனப்பாடம்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு, 1874ஆம் ஆண்டு வசந்தத்தில், யோர்கன் மோசே நீதிமன்றத்துக்குப் போனார். பனி மூடிக் கிடந்த குளிர்காலத்தில் மத்தியாஸ் லிண்டே வடக்குக் கல்லைப் பெயர்த்து எட்டடி கிழக்கே நட்டுவிட்டார், தெற்குக் கல்லைத் தொடவில்லை என்பது அவர் புகார். இரண்டு நிலமும் இலையுதிர் காலத்திலேயே உழுது போட்டிருந்ததால் பார்த்துச் சொல்ல ஒரு தடயமும் இல்லை. சாட்சியும் இல்லை. மத்தியாஸ் அப்போது ஊர்ச் சபைத் தலைவர். வேதப் புத்தகத்தில் கை வைத்து, கல்லை நான் தொடவில்லை என்று சத்தியம் செய்தார். வழக்கு அதோடு முடிந்தது. அவதூறு சொன்னதற்காக யோர்கன் தண்டம் கட்டினார். கட்டியது போதாதென்று, ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து ஊர் வெளியே வரும்போது தேவாலய வாசலில் தொப்பியைக் கழற்றி நின்று, 'எட்டடி என்று நான் சொன்னது பொய்' என்று தாளைப் பார்த்துப் படித்தார். சிட்செலுக்கு அப்போது இருபத்துநாலு வயது. தந்தையின் கையைக் கோத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு யோர்கனைக் கடந்துபோனாள்.

அதற்குப் பிறகு மோசே வீட்டுக்காரர்களை ஊர் 'எட்டடியான்' என்றது. அந்தப் பட்டம் பள்ளிக்கூடத்தில் எஸ்கிலின் பிள்ளைகள் வரைக்கும் வந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் அதை அவள் எடுத்துப் பார்த்ததே இல்லை. அதே வசந்தத்தில் தந்தை விடியற்காலையில் குறுகிய மண்வெட்டியோடு வடக்கு எல்லைக்குப் போவார். கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போவாள். புதிதாகத் தளிர்த்திருந்த குதிரைமசாலை அவர் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் கூடையில் போடுவார். 'காத்துல விதை வந்து விழுந்திருக்கு' என்று அவர் சொன்னார். கூடை கனத்தது. உள்ளே கிடந்த வேர்கள் அவள் மணிக்கட்டுப் பருமன் இருந்தன. காற்றில் வந்து விழுந்த விதை ஒரே வருடத்தில் அப்படி வேர் விடாது. அது அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பண்ணைப் பெண்ணுக்கு இது தெரியாதா? அவள் அந்த வேர்களைப் பன்றிகளுக்குப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு காபி போடப் போனாள்.

தந்தை செடியை எடுத்துவிட்டார். வேரில் ஒட்டியிருந்தவர்களை எடுக்க அவரால் முடியவில்லை. இருப்பதே அவருக்குத் தெரியாது.

*

சிட்செல் திங்கட்கிழமை மாலையில் இங்கரிடம், "நாளைக்குக் காலையில அந்தப் பட்டைய வெட்டி மண்ண மத்த எடத்துக்கெல்லாம் தூவிடு. வியாழக்கிழமைக்குள்ள முடியணும்," என்றாள்.

"டால் வேண்டாம்னாரே, எல்லாருக்கும் காட்டணும்னு?"

"டால் இந்தப் பண்ணைய நடத்தலை."

செவ்வாய் காலையில் இங்கர் வேலையாளோடு வடக்கு முனையில் வண்டியை நிறுத்தி மண் ஏற்றத் தொடங்கினாள். சிட்செல் தொழுவத்தின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வேலை சுலபம். நாளை மாலைக்குள் ஆப்பு இருக்காது. அடுத்த கோடையில் நிலம் முழுவதும் ஒரே பச்சையாக இருக்கும். எங்கே தொடங்கியது என்று எந்த மனிதனாலும் சொல்ல முடியாது. தந்தையின் சத்தியம் அப்படியே நிற்கும். மாடுகள் வயிறு நிறையத் தின்னும்.

மண்வெட்டி இறங்குகிற சத்தம் அவள் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு விடியற்காலையில் கேட்ட அதே சத்தம். அப்போது கூடை தூக்கியவள் அவள். இப்போது அவளுடைய மகள்.

மரச் செருப்போடு சிட்செல் நிலத்துக்குள் ஓடினாள். அவள் ஓடி அந்த வேலையாள் பார்த்ததே இல்லை. குதிரையும் ஒரு அடி பின்வாங்கியது.

"நிறுத்து! கொட்டு, கொட்டு. எடுத்த எடத்துலயே திருப்பிக் கொட்டு."

"என்னம்மா உனக்கு? நேத்து வெட்டுன்ன, இன்னிக்குக் கொட்டுங்கற?"

"இது நம்ம மண்ணில்ல."

இங்கர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தாயைப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த நூலையும் குச்சிகளையும் பார்த்தாள். தெற்கே நூல் எல்லையோடு போய்ச் சேர்கிற இடம் வரை அவள் கண் போனது. வேலையாளை வீட்டுக்கு அனுப்பினாள்.

"தாத்தாவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சிட்செல் வடக்குக் கல்லைக் கையால் காட்டினாள். அதுவே போதுமானதாக இருந்தது.

"அம்மா, தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு. யாருக்கும் தெரியாது. அந்த டாலுக்கே தெரியலை, முயல்ங்கறாரு. நீ ஏன்..."

"எனக்குத் தெரியும்ல? லிண்டே வீட்டுப் பேரு பொய்யில நிக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ரெண்டாம் வரிசையில நான் எப்படி உக்காருவேன்? முதுகு நிமிருமா?"

*

புதன்கிழமை அவள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பை மறுபடி உடுத்திக்கொண்டு, முப்பத்தெட்டு வருடங்களில் முதல் முறையாக மோசே பண்ணை முற்றத்தில் கால் வைத்தாள். நாய் குரைத்தது. எஸ்கில் கிணற்றடியில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். அவளும் அவரும் ஒரே வருடம் பாதிரியாரிடம் பாடம் படித்தவர்கள். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்து இடம்.

"லிண்டே வீட்டம்மாவா! வழி தவறிட்டீங்களா, இல்ல கல்லு மறுபடியும் நகந்துடுச்சா?"

"நகந்த கல்லப் பத்தித்தான் பேச வந்தேன். என்கூடக் கொஞ்சம் வர முடியுமா?"

அரிவாள் தீட்டும் சத்தம் நின்றது. அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். இருவரும் எல்லை வழியாகத் தெற்குக் கல்லிலிருந்து நடந்தார்கள், ஆளுக்கொரு பக்கமாக. சிட்செல் ஒவ்வொரு குச்சியிலும் நின்று ஒரு செடியைப் பெயர்த்து வேரைக் காட்டினாள். முடிச்சுக்குள் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்திருக்க வேண்டும், ஏன் காற்றில்லை, ஏன் முயலில்லை என்று வரிசையாகச் சொன்னாள். குரல் தடுமாறவில்லை. கூடையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஒருமுறை நிறுத்தினாள்.

வடக்குக் கல்லில் எஸ்கில் உட்கார்ந்தார்.

"மூணு வாரமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

"என்னத்த?"

"இந்தப் பச்சைய. முடிச்சு கிடிச்செல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா எட்டடி எப்படி இருக்கும்னு எங்க வீட்ல தூங்குறவனுக்கும் தெரியும். மேல பரண்ல ஏறி நின்னா நல்லாத் தெரியுது."

"அப்ப ஏன் வந்து சொல்லலை?"

"எங்கப்பா சொன்னாரு. சொன்னதுக்கு என்ன கெடச்சுதுன்னு பாத்தேன்." அவர் ஒரு முடிச்சை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். "நேத்து காலையில வண்டி வந்து நின்னுச்சு. சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்புறம் நீங்க மரச்செருப்போட ஓடுறதப் பாத்தேன். எம் பொண்டாட்டியக் கூப்பிட்டு, 'சீக்கிரம் வா, லிண்டே வீட்டம்மா ஓடுறாங்க, இனி இத ஆயுசுல பாக்க முடியாது'ன்னேன்."

சிட்செலின் முகம் சிவந்தது. "நாளைக்கு ஊர் முழுக்க இங்க வருது. நான் சொல்லிடறேன்."

"வேண்டாம். என்கிட்ட சொன்னது போதும். ரெண்டு பேருமா கல்லத் தூக்கி வச்சுட்டுப் போயிடலாம்."

"உங்கப்பா ஊர் நடுவுல தொப்பியக் கழட்டி நின்னாரு. நான் உன் கிணத்தடியில நின்னு சொல்லிட்டுப் போனா அது சரியாயிடுமா?"

'உன்' என்று சொல்லிவிட்டாள். பாதிரியார் வீட்டு பெஞ்சுக்குப் பிறகு அவரை அவள் அப்படி அழைத்ததில்லை. 

*

வியாழக்கிழமை முப்பது, முப்பத்தைந்து பேர் வந்தார்கள். டால் உற்சாகத்தில் மூன்று தொட்டி தண்ணீர் கேட்டார். எல்லோரும் வேர் கழுவினார்கள். முடிச்சைப் பிளந்து பார்த்து, 'அட' என்றார்கள். ஓலே ஒன்றை வாயில் போட்டுச் சுவைத்துவிட்டு, பச்சைப் பட்டாணி மாதிரி இருக்கிறது, கொஞ்சம் உப்பு போட்டால் தேவலை என்றான்.

"இப்ப கேள்வி இதுதான்," என்றார் டால். "மோசே நிலத்து நுண்ணுயிர் லிண்டே நிலத்துக்கு எப்படி வந்துச்சு? காத்தா? முயலா?"

"கல்லு," என்றாள் சிட்செல்.

கூட்டம் திரும்பியது. அவள் வடக்குக் கல்லின் பக்கத்தில் நின்றாள். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள். நரைத்த கூந்தல் காற்றில் கலைந்தது. கையில் தாள் இல்லை.

"1874ல யோர்கன் மோசே எட்டடின்னு சொன்னாரு. அது உண்மை. கல்ல நகத்துனது எங்கப்பா மத்தியாஸ் லிண்டே. அவர் பண்ணின சத்தியம் பொய். அதே வசந்தத்துல முளைச்ச செடிய அவர் தோண்டி எடுத்தப்ப கூடை தூக்குனது நான். இங்க நிக்கற நூலப் பாருங்க, அளந்து பாருங்க. இனிமே எட்டடியான்னு யாராவது சொல்லணும்னா எங்க வீட்டப் பாத்துச் சொல்லுங்க."

 தொட்டிகளில் கலங்கல் தெளிந்துகொண்டிருந்தது.  டாலால் அடக்க முடியவில்லை.

"மன்னிக்கணும் அம்மா... அப்ப முப்பத்தெட்டு வருஷமா இந்த எட்டடியில குதிரைமசாலே இல்லையா? ஒரு செடிகூட?"

"ஒண்ணுகூட இல்ல. எங்கப்பா விடலை. அவருக்கப்புறம் நான் விடலை."

"முப்பத்தெட்டு வருஷம்!" டால் மண்ணில் முழங்காலிட்டு ஒரு பிடி அள்ளி மூக்கருகில் கொண்டுபோனார். "தங்களோட செடி இல்லாம, கூப்பிட ஆள் இல்லாம, வெறும் மண்ணுல... எதத் தின்னு இருந்தாங்க?"

அதைச் சிட்செலும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் இருந்தது.

எஸ்கில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக மறுபடி போட்டுக்கொண்டார்.

"கல்லு நாளைக்கு அதோட எடத்துக்குப் போகட்டும். எங்கிட்ட ரெண்டு குதிரை இருக்கு."

"சரி," என்றாள் சிட்செல். அவளுக்கு இன்னும் ஒன்று பாக்கியிருந்தது. லிண்டே வீட்டில் பிறந்தவர்கள் யாரும் அதுவரை சொல்லாத ஒன்று.  "எஸ்கில், எனக்கு உன் நெலத்து மண்ணு ஒரு வண்டி வேணும். குடுப்பியா?"

"எந்த எடத்துல இருந்து?"

"நீ சொல்ற எடத்துல இருந்து."

எஸ்கில் நூலுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த பச்சையை வடக்கிலிருந்து தெற்கு வரை ஒருமுறை பார்த்தார்.

"இங்கேருந்தே எடுத்துக்க," என்றார். "இது ரெண்டு வீட்லயும் இருந்து பழகினது."

ஓலே வண்டியைக் கொண்டுவரக் கிளம்பினான். சிட்செல் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தாள். வண்டி வந்ததும் முதல் மண்ணை அவளே வெட்டினாள். வெட்டிய கட்டியைக் கையிலேயே உடைத்து, வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியில் போட்டாள்.